கூண்டு வைத்தாச்சு, பிடிச்சாச்சு, காட்டில் விட்டாச்சு... அப்புறம்?
பாபநாசம் மலையடிவாரத்தில் சிறுத்தைப்புலி படும் பாடும், படுத்தும் பாடும்!

2024-ம் ஆண்டு மே மாதம் பாபநாசம் மலையடிவார மக்களுக்கு ராத்தூக்கம் போயிற்று. காரணம் கோடை வெயில் அல்ல. சிறுத்தைப்புலி!

விக்கிரமசிங்கபுரத்தை அடுத்த வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு ஆகிய ஊர்கள் மலையை ஒட்டினாற்போல் இருக்கின்றன. கடைசித் தெருவைத் தாண்டினால் காடு. அங்கே ஆடுகளும் நாய்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

"என்ன அண்ணாச்சி, புலி வந்துட்டாமே?"

"வந்துட்டாமேவா? நேத்து ராத்திரி நம்ம தெரு வழியாத்தான்யா போயிருக்கு!"

இருட்டின பிறகு கதவைச் சாத்தினவர்கள் விடிந்த பிறகுதான் திறந்தார்கள். குழந்தைகளை வாசலில் படுக்க விடவில்லை. வனத்துறையினர் வந்து கூண்டு வைத்தனர். அந்த மாதத்திலேயே அடுத்தடுத்து சிறுத்தைகள் கூண்டில் சிக்கின. அவற்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்காட்டில் விட்டார்கள்.

பேப்பரில் படம் வந்தது. கேஸ் முடிந்தது என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

போலீஸ் கேஸ் எழுதிப் பழகினவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். பூட்டாத வீட்டில் திருடினவனைப் பிடித்து அடுத்த ஊர் எல்லையில் இறக்கி விட்டால் திருட்டு நின்று விடுமா? அவன் திரும்பி வர மாட்டானா? அவன் வராவிட்டாலும், வீடு பூட்டாமலே கிடந்தால் வேறொருவன் வர மாட்டானா?

அதைத்தான் விசாரித்தோம்.

கூண்டு எப்படி வேலை செய்கிறது?

கனத்த இரும்புக் கம்பியால் ஆன பெட்டி அது. உள்ளே இரண்டு அறை. பின்பக்க அறையில் ஒரு ஆட்டையோ நாயையோ விடுவார்கள். நடுவில் தடுப்புக் கம்பி. வெளியே இலை தழையைப் போட்டு மூடி விடுவார்கள்.

ஆடு கத்தும். சத்தம் கேட்டு சிறுத்தை முன்பக்க அறைக்குள் நுழையும். மிதிபலகையில் கால் பட்டதும், மேலே தூக்கி நிறுத்தின கதவு தடாலென்று விழும். அவ்வளவுதான். தடுப்புக் கம்பி இருப்பதால் ஆட்டுக்கு உயிர்ச்சேதம் இல்லை. பயத்தில் பாதி செத்திருக்கும், அது வேறு விஷயம்.

அகப்பட்ட சிறுத்தை சும்மா இருக்காது. கம்பியைக் கடிக்கும், முட்டும். பல் உடைந்து, நகம் பிய்ந்து, முகமெல்லாம் ரத்தமாக நிற்பதும் உண்டு. பல் போன சிறுத்தை மானைப் பிடிக்க முடியாது. பிறகு அது எதைத் தேடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நினைத்தவர் நினைத்த இடத்தில் கூண்டு வைத்துவிடவும் முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புலியும் சிறுத்தையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பதற்கு மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் உத்தரவு வேண்டும். ஆத்திரத்தில் செத்த ஆட்டில் விஷம் தடவி வைத்தாலோ, வேலியில் கரண்ட் விட்டாலோ, சுருக்குக் கம்பி போட்டாலோ கம்பி எண்ண வேண்டியதுதான். கொன்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில்.

எல்லாமே 'புலி'தானா?

ஊரில் பொதுவாக எல்லாவற்றையும் 'புலி' என்றே சொல்கிறார்கள். அடையாளம் சுலபம். உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு இருந்தால் அது புலி, அதாவது வேங்கை. கொத்துக் கொத்தாகக் கரும்புள்ளி இருந்தால் சிறுத்தை. ஆண் புலி 200 கிலோ வரை இருக்கும். ஆண் சிறுத்தை 50 முதல் 70 கிலோ. கருஞ்சிறுத்தை தனி இனம் அல்ல. அதே சிறுத்தைதான். நிறம் மட்டும் கறுப்பு. வெயிலில் உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள்ளும் புள்ளி தெரியும்.

2022 செப்டம்பரில் ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து விமானத்தில் மத்தியப்பிரதேசத்துக்கு வந்து இறங்கியது சிவிங்கி. அதற்கும் பாபநாசத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கால்தடத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும். பூனை ஜாதி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக் கொள்ளும். ஆகவே நகக்குறி இல்லாத வட்டத் தடம் என்றால் உஷார். அது 7, 8 சென்டிமீட்டர் அகலம் என்றால் சிறுத்தை. அதைவிட நன்றாகப் பெரியது என்றால் வேங்கை.

சிறுத்தை தனிக்கட்டை. ஆணும் பெண்ணும் சேருவது சில நாள்தான். மூன்று மாதத்துக்குச் சற்று மேல் கர்ப்பம். இரண்டு, மூன்று குட்டி போடும். வளர்க்கும் பொறுப்பு முழுக்கத் தாய்க்கு. அப்பன் எட்டிப் பார்க்க மாட்டான். ஒன்றரை, இரண்டு வருஷம் வரை குட்டிகள் தாயோடு சுற்றி வேட்டை பழகும். அதன் பிறகு தாயே விரட்டிவிடும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஒவ்வொரு சிறுத்தைக்கும் ஒரு எல்லை உண்டு. மரத்தில் நகத்தால் கீறியும், மூத்திரம் பீய்ச்சியும் 'இது என் இடம்' என்று எழுதி வைத்திருக்கும். தாயை விட்டுப் பிரிந்த இளவட்டத்துக்கு உள்காட்டில் காலி இடம் கிடைப்பது கஷ்டம். பெரியது அடித்து விரட்டும். தள்ளித் தள்ளி வந்தால் காட்டின் ஓரம். ஓரத்தில் நம் ஊர்.

நம் ஊரில் என்ன இருக்கிறது? தெருவுக்குப் பத்து நாய். கறிக்கடைக் கழிவை ஓடைக்கரையில் கொட்டுகிறோம். அதைத் தின்று நாய் பெருகுகிறது. நாயைத் தேடி சிறுத்தை வருகிறது. மானைத் துரத்த வேண்டும், குரங்குக்கு மரம் ஏற வேண்டும். முள்ளம்பன்றியிடம் குத்து வாங்க வேண்டும். நாய் அப்படி இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு எதிரிலேயே வந்து நிற்கும்!

புனே பக்கம் கற்ற பாடம்

பிடித்து வேறு இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஊரே சாட்சி. மராட்டிய மாநிலம் புனே மாவட்டத்தில் ஜுன்னார் என்று ஒரு பகுதி. அங்கே பெருங்காடு இல்லை. கரும்புத் தோட்டம்தான். கரும்புக்குள்ளேயே சிறுத்தை குட்டி போட்டு வாழ்கிறது.

2001-ம் ஆண்டு முதல் அங்கே பெருமளவில் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். பிடித்தவற்றை வண்டியில் ஏற்றித் தொலைவில் உள்ள காடுகளில் விட்டார்கள். நம் ஊரில் செய்தது போலவே!

நடந்தது என்ன? அதற்கு முன்பு வருஷத்துக்குச் சராசரியாக 4 பேரைச் சிறுத்தை தாக்கியது. பிடித்து விட ஆரம்பித்த பிறகு அது 17 ஆக ஏறியது. வித்யா ஆத்ரேயா என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் கணக்குப் பார்த்து 2011-ல் இதை வெளியிட்டார்கள்.

காரணம் புரியாதது அல்ல. கூண்டில் அடிபட்டு, மனிதக் கூட்டத்தின் சத்தத்தில் மிரண்டு, முன்பின் தெரியாத காட்டில் இறக்கிவிடப்பட்ட மிருகம் தன் பழைய எல்லையைத் தேடி நடக்க ஆரம்பிக்கிறது. வழியில் எத்தனை ஊர்! இன்னொரு பக்கம், அது விட்டுப் போன இடம் காலியாகக் கிடப்பதில்லை. புதிதாக ஒரு இளவட்டம் வந்து உட்கார்ந்து கொள்கிறது.

அதே 2011-ல் மத்திய அரசும் சிறுத்தை விவகாரத்துக்கென்று நெறிமுறை வெளியிட்டது. பிடித்து வேறு இடத்தில் விடுவது தீர்வு அல்ல என்பதுதான் அதன் சாரம்.

அப்படியானால் வனத்துறை ஏன் பிடிக்கிறது? அவர்கள் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஆட்டைப் பறிகொடுத்தவர் வயிற்றெரிச்சலோடு நிற்கிறார். ஊர் திரண்டு வந்து "கூண்டு வை, இல்லாவிட்டால் ரோட்டில் உட்காருவோம்" என்கிறது. அந்த நேரத்தில் ஜுன்னார் கணக்கைச் சொன்னால் யார் கேட்பார்?

பயமும் பொய் அல்ல. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் 3 வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. 2025 ஜூனில் வால்பாறையில் எஸ்டேட் தொழிலாளியின் பெண் குழந்தையைத் தூக்கிச் சென்றது. பெற்ற வயிறு எரியும்போது 'அதுவும் ஒரு ஜீவன்தானே' என்று டவுனில் இருந்து உபதேசம் செய்வது நியாயம் அல்ல. ஆனால் கூண்டு வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று ஆட்டைப் பழையபடி திண்ணையில் கட்டுவதும் புத்தி அல்ல.

புலி ஏன் பெருகவில்லை?

கீழே சிறுத்தைத் தொல்லை. மேலே காட்டுக்குச் சொந்தக்காரரான வேங்கையோ விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது. ஆச்சரியமான விஷயம் இது.

ஏனென்றால், புலிக்கு என்று தமிழ்நாட்டில் முதலில் இடம் ஒதுக்கியது இங்கேதான். 1962-லேயே முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஆகிவிட்டது. நாடு முழுவதற்கும் புலித் திட்டம் வந்தது 1973-ல்! களக்காடு சரணாலயம் 1976-ல் வந்தது. அது சிங்கவால் குரங்குக்காக. இரண்டையும் சேர்த்து 1988-ல் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுவே.

இன்று தமிழ்நாட்டில் புலிகள் காப்பகம் ஐந்து. 2006-ல் தமிழ்நாட்டுப் புலிகள் 76 என்று கணக்கிட்டார்கள். 2022 கணக்கில் 306. இதில் பெரும்பங்கு முதுமலை, சத்தியமங்கலம் பக்கம். சிறுத்தையோ 2022 கணக்கில் மாநிலம் முழுக்க 1,070.

மூத்த பிள்ளையாகிய பாபநாசம் காடு ஏன் பின்தங்கியது?

ஒரு புலிக்கு வாரம் ஒரு மான் வேண்டும். வருஷத்துக்கு 50. ஆண்டுதோறும் 50 மானை இழந்தும் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டுமானால் அந்தப் புலியின் எல்லைக்குள் சுமார் 500 மான் இருக்க வேண்டும். வட்டியைத் தின்றால்தான் முதல் நிற்கும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு.

பொதிகை மலையின் உயரமான சோலைக்காடு அட்டையும் ஈரமும் இருட்டும் நிறைந்தது. கீழே புல் முளைக்காது. மான் கூட்டம் அங்கே குறைவு. மானுக்குத் தோதான இடம் முண்டந்துறை மேட்டுச் சமவெளிதான். அந்த மேட்டில் சிறுத்தையின் எச்சத்தைப் பொறுக்கி, அதில் இருந்த ரோமத்தை வைத்து அது எதைத் தின்றது என்று ஆராய்ந்தார்கள். முடிவு 1999-ல் வெளியானது. காட்டெருமை போன்ற பெரிய குளம்பு மிருகங்கள் அங்கே அருகிப் போனதுதான் புலி குறைந்ததற்குக் காரணம் என்றது அந்த ஆய்வு. சிறுத்தை சின்ன இரையை வைத்துச் சமாளித்துக் கொள்ளும். புலிக்குச் சின்ன இரை கட்டுப்படி ஆகாது.

மான் குறைந்தது ஏன்? அந்தக் காலத்தில் அடிவாரத்து ஊர்களின் மாடெல்லாம் காட்டில்தான் மேய்ந்தது. மான் தின்ன வேண்டிய புல்லை மாடு தின்றது. விறகுக்காக ஜனங்கள் தலைச்சுமையாக வெட்டிக் கொண்டு இறங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அடுப்பு எரிய வேண்டுமே.

இதை உணர்ந்து 1995 வாக்கில் உலக வங்கிக் கடனுதவியோடு ஒரு திட்டம் வந்தது. காட்டு ஓரக் கிராமங்களில் வனக்குழு அமைத்தார்கள். சாண எரிவாயு, காஸ் அடுப்பு, தொழில் செய்யச் சுழல் கடன் என்று கொடுத்தார்கள். விறகுச் சுமை குறைந்தது. லத்தியும் வழக்கும் சாதிக்காததை ஒரு காஸ் அடுப்பு சாதித்தது என்றால் மிகை அல்ல.

ஜமீன், கொலை வழக்கு, தேயிலை

இந்தப் புலிக்காட்டுக்குள் தேயிலைத் தோட்டம் எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கதை. கிரைம் நிருபருக்குப் பிடித்த கதையும் கூட.

1919-ம் ஆண்டு சென்னையில் ஜமீன் வாரிசுகள் படித்த நியூவிங்டன் பள்ளியின் முதல்வர் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிங்கம்பட்டி ஜமீன் வாரிசும் மாட்டிக் கொண்டார். வழக்குச் செலவில் ஜமீன் கடனில் மூழ்கியது, அந்தக் கடனை அடைக்கத்தான் காட்டைக் குத்தகைக்கு விட்டது என்பது நெல்லைச் சீமையில் வழங்கும் பேச்சு.

1929-ல் சுமார் 8,374 ஏக்கர், 99 வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குப் போயிற்று. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை ஊர்கள் முளைத்தன. குத்தகை 2028-ல் முடிய வேண்டும். கம்பெனியோ 2024-லேயே வேலையை நிறுத்தியது. தொழிலாளர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் கீழே இறங்கச் சொன்னது. எஸ்டேட்டை அரசே எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. நிலம் காட்டோடு சேர வழி பிறந்தது.

காட்டுக்கு நல்லதுதான். சந்தேகம் இல்லை. ஆனால் நான்கு தலைமுறையாக அட்டைக்கடியில் கொழுந்து பறித்தவர்களுக்குக் கீழே சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. சிறுத்தையை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று இத்தனை ஆராய்ச்சி நடக்கிறது. இவர்களை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று அதில் பாதியாவது பார்த்திருக்கலாம்.

143 அடிக்கும் புலிக்கும் என்ன சம்பந்தம்?

மழைக்காலத்தில் நாம் பேப்பரைப் பிரித்ததும் பார்ப்பது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற உச்ச அளவு பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். அந்த மூன்று அணைக்கும் தண்ணீர் வருவது புலிகள் காப்பகத்துக்குள் இருந்துதான்.

அடைமழை பெய்தால் மொட்டைப் பாறையில் விழுந்த தண்ணீர் அன்றைக்கே ஓடி விடும். சோலைக்காட்டில் விழுந்தது சருகிலும் வேரிலும் ஊறி, மாதக் கணக்கில் ஓடையாகக் கசியும். தாமிரபரணி கோடையிலும் வற்றாமல் வருவது அதனால்தான். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சுமார் 86 ஆயிரம் ஏக்கர் வயலும், வழிநெடுகக் குடிநீர்க் குழாய்களும் அதை நம்பி இருக்கின்றன.

அந்தக் காட்டை வெட்டக் கூடாது, ரோடு போடக் கூடாது, ஓட்டல் கட்டக் கூடாது என்று சட்டம் தடுப்பது முக்கால்வாசி புலியின் பெயரில்தான். பாளையங்கோட்டையில் குழாயைத் திறக்கிறவர் தன் வாழ்நாளில் ஒரு புலியைக் கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அவருக்கு அது வாட்ச்மேன் வேலை பார்க்கிறது. சம்பளம் வாரம் ஒரு மான்!

ஆடி அமாவாசைக் கூட்டம்

காட்டுக்குள்ளே இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் போகிறார்கள். முன்பெல்லாம் சொந்த வண்டியிலேயே போய், குடில் போட்டுத் தங்கி, கிடா வெட்டி, ஆற்றிலே குளித்து, மிச்சம் மீதியை அங்கேயே போட்டு விட்டு வருவார்கள்.

இப்போது கெடுபிடி அதிகம். சமீப வருஷங்களில் திருவிழா நாட்களில் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். "சாமி கும்பிடப் போகிறவனை வழிமறிக்கிறார்களே" என்று பலருக்கும் மனக்குறை.

ஆனால் 2023 ஆகஸ்டில் திருப்பதி மலைப் பாதையில் நடந்ததை மறக்கக் கூடாது. பெற்றோருடன் நடந்து போன 6 வயதுச் சிறுமியைச் சிறுத்தை அடித்துக் கொன்றது. அதன் பிறகு நடந்து போகும் பக்தர்கள் கையில் தேவஸ்தானமே ஆளுக்கொரு கம்பு கொடுத்தது! அங்கே சிறுத்தையை வரவழைத்தவற்றில் பாதை ஓரம் கொட்டிய உணவும் குப்பையும், அதைத் தேடி வந்த பிராணிகளும் சேர்த்தி என்று பேசப்பட்டது. சொரிமுத்தையன் கோவில் கிடாக் கழிவு விஷயத்தில் வனத்துறை கண்டிப்பாக இருப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. பஸ்ஸை மட்டும் இன்னும் கூடுதலாக விட்டால் புண்ணியமாய்ப் போகும்.

என்ன செய்யலாம்?

ஆட்டை ராத்திரி திறந்த வெளியில் கட்டாதீர்கள். பக்கமும் மேலேயும் கம்பி வலை அடித்த கொட்டில் வேண்டும். சுற்றுச்சுவர் மட்டும் போதாது. சிறுத்தை மரம் ஏறுகிற ஜாதி, சுவர் அதற்கு ஒரு படி. இந்தக் கொட்டிலுக்குப் பணம் இல்லாதவர்கள்தான் அடிவாரத்தில் அதிகம். நாலு ஆடுதான் அவர்களுக்குப் பாங்கு. கூண்டும் லாரியும் ஆள்படையும் ஆகிற செலவில் எத்தனை கொட்டிலுக்கு வலை அடிக்கலாம் என்று அதிகாரிகள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

கறிக்கழிவை ஓடையில் கொட்டுவதை நகராட்சியும் பஞ்சாயத்தும் தடுக்க வேண்டும். கடைசித் தெருவில் லைட் எரிய வேண்டும். வீட்டை ஒட்டின முள்புதரை வெட்ட வேண்டும். இருட்டில் பிள்ளைகளைத் தனியே ஒதுங்க அனுப்பக் கூடாது. குனிந்து உட்கார்ந்த உருவம் சிறுத்தையின் கண்ணுக்குச் சின்ன இரை மாதிரித் தெரியும்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். நிமிர்ந்து நின்று, சத்தம் போட்டு, முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குங்கள். கிணற்றிலோ வீட்டுக்குள்ளோ மாட்டிக்கொண்ட சிறுத்தையைச் சுற்றிக் கூட்டம் போட்டு செல்போனில் படம் எடுப்பது வெறும் வேடிக்கை அல்ல. கடிபடுகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள்தான் என்று சொன்னாலும் தகும்.

ஆடு மாடு செத்தால் அரசு நஷ்டஈடு உண்டு. ஆத்திரத்தில் உடனே புதைத்துவிடாதீர்கள். மிஞ்சின கறியைப் பங்கு போடவும் வேண்டாம். பாபநாசம் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். ஆட்கள் வந்து பார்க்க வேண்டும், கால்நடை டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும். அதுவரை செத்த ஆட்டின் பக்கத்தில் கூட்டம் கூட விடாதீர்கள். பத்துப் பேர் வேடிக்கை பார்த்து மிதித்த மண்ணில் சிறுத்தையின் தடத்தைத் தேட முடியாது. தடம் இல்லாவிட்டால் 'நாய் கடித்தது' என்று எழுதி மனுவைத் திருப்பி விடுவார்கள்.